ஐந்து தோழிகள், இரண்டு சாப்பாடு, ஒரு சீட்டு

"நாம ஊட்டுல ஆக்கறதையே எதுக்கு அம்மிணி ஆயிரக்கணக்குல குடுத்து வெளியில போயித் திங்கோணும்?"

என் மாமியார் இப்படிக் கேட்டது 2025 ஏப்ரல் முதல் சனிக்கிழமை சாயங்காலம், நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். போகப்போகிற உணவகத்தின் மெனுவை போனில் காட்டியிருந்தேன். அரிசிம்பருப்புச் சாதம் 390 ரூபாய், கொள்ளு ரசம் 160, பள்ளிபாளையம் சிக்கன் 460. "கொள்ளு ரசத்துக்கு நூத்தியறுவதா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சரியான பதில் தெரியவில்லை. "எல்லாரும் பாத்து ரொம்ப நாளாச்சுங்கத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதில் கிடைக்க ஏழு மாதமும் இன்னொரு சாப்பாடும் ஆனது. அந்த இரண்டு சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் முதலாவதில் நாங்கள் செய்த தப்புகளைப் பலரும் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். கோவையில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தோம், 2000-ல் படிப்பு முடிந்தது. இப்போது ஒருத்தி திருப்பூரில் கணவரோடு சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறாள். ஒருத்திக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ஒருத்தி பவானியில் பள்ளி ஆசிரியை. ஒருத்தி சோமனூரில், வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கூடம். நான் கோவையிலேயே, வடவள்ளியில். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதனால் ஊர்ப்பெயரிலேயே சொல்கிறேன், விடுதியிலும் பாதி நாள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். சோமனூர்க்காரியைப் பற்றி எழுதியதை மட்டும் முதலில் அவளுக்குப் படித்துக் காட்டினேன், "எழுது, நாலு பேருக்கு ஆகட்டும்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

இப்போது கோவையில் இந்த மாதிரி இடங்கள் கூடிவிட்டன. பழைய ஓட்டு வீட்டை எடுத்து, ஆசாரம் என்கிற கூடத்தில் நாற்காலி மேசை போட்டு, மஞ்சள் விளக்கு, பித்தளைச் செம்பு, மண்சட்டி என்று வைத்து, நம் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, செய்த சமையலை அழகாகப் பரிமாறுகிறார்கள். நாங்கள் போனது ரேஸ்கோர்ஸ் பக்கம் அப்படி ஒரு வீடு. உள்ளே நுழைந்ததும் மனசு இளகிவிட்டது. திண்ணை, மரத்தூண், தரையில் பழைய சிவப்புக் காரை. நல்ல இடம்தான். ஆனால் போகிற நேரத்தை யோசிக்காமல் முடிவு செய்திருந்தோம்.

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. இதை யார் முடிவு செய்தது என்றால் நான்தான், எனக்கு அது வசதி. பவானியிலிருந்து வருகிறவள் ராத்திரி என் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. சோமனூர்க்காரி திரும்பும்போது திருப்பூர்க்காரியின் காரில் கருமத்தம்பட்டி வரை போவதாக இருந்தது, அங்கே மகனை வண்டியோடு வரச் சொல்லியிருந்தாள், அவன் வந்து காத்திருப்பானே என்று ஒன்பது மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று, பொள்ளாச்சிக்காரிக்கு நாலைந்து வருடமாக இடது காது சரியாகக் கேட்காது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், எங்களுக்குக் கொடுத்த நீள மேசையில் அவள் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள், நாங்கள் நாலு பேரும் அவளுக்கு இடது பக்கம். தலைக்கு மேலே ஸ்பீக்கர், பின்னால் சமையலறைக் கதவு, பக்கத்து மேசையில் ஒரு பிறந்தநாள் கூட்டம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு ஒரு நொடி தாமதமாக அவள் சிரிக்கிறாள் என்று. எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மெனுவைப் பார்த்ததும் எல்லாம் நம் சாமான் என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். ஸ்டார்டர் மூன்று, அரிசிம்பருப்பு இரண்டு, நாட்டுக்கோழிக் குழம்பு, ஆப்பம், பரோட்டா, கொள்ளு ரசம். ஆர்டர் எடுத்த பையன் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிட்டான். மேசையில் இடமில்லை, ஒன்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்றது ஆறிப்போனது. நெய்யும் தேங்காயும் போட்ட சாப்பாடு ஆறிவிட்டால் தட்டிலேயே உறைந்து நிற்கும், அதைப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். ஐந்து பேர் என்றால் முதலில் இரண்டு வகை மட்டும் சொல்லுங்கள், அது பாதி முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். மேசையைக் கவனிக்கிற கேப்டனிடம் "நாங்க சொல்றப்ப மட்டும் அடுத்தது அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நல்ல இடங்களில் செய்கிறார்கள்.

அரிசிம்பருப்பு மண்சட்டியில் மூடி போட்டு வந்தது. மேசையில் வைத்துத் திறந்தான், ஆவியோடு முதலில் வந்த வாசனை பட்டை, கிராம்பு. பவானிக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், மேலே கொஞ்சம் தேங்காய், இவ்வளவுதான் அது. தக்காளி போடுகிற வீடு உண்டு, போடாத வீடு உண்டு, தேங்காயெண்ணெயில் தாளிக்கிறவர்களும் உண்டு. ஆனால் பட்டை கிராம்பு போட்டு எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் யாரும் செய்ததில்லை. போட்டால் பிரியாணியின் தங்கை மாதிரி ஒன்று வரும், கெட்ட ருசி என்று சொல்லமாட்டேன், ஆனால் மழை நாளில் பசியோடு வீட்டுக்கு வந்து தட்டில் போட்டுக்கொண்டு நெய் ஊற்றிச் சாப்பிடுகிற அந்தச் சோறு அதில்லை. பள்ளிபாளையம் சிக்கனும் அதே கதை. பள்ளிபாளையம், ஈரோட்டுக்குக் காவிரியின் அக்கரையில் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற ஊர். விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு, எண்ணெய், அதோடு கோழி தன் தண்ணியிலேயே வேகவேண்டும். மசாலாப் பொடி போட்டால் அந்த மிளகாய் வாசனை செத்துப்போகும். எங்களுக்கு வந்தது சிவப்பாக, மசாலா பூசிய கோழி. இப்போது எங்கே போனாலும் ஆர்டர் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதுல பட்டை, மசாலாப் பொடி போடுவீங்களா?" சமையல் தெரிந்த இடமாக இருந்தால் உள்ளே போய்க் கேட்டுவந்து உண்மையைச் சொல்வார்கள். "எல்லாமே நல்லாருக்குங்க மேடம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்வது நல்லது.

இவ்வளவு நடக்கும்போது சோமனூர்க்காரி கொள்ளு ரசம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, ஒண்ணுமே எடுக்கல?"

"வரும்போதுதான் ஊட்டுல டிபன் சாப்பிட்டேன். பசியில்லை."

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறுக்கு முதல் ஆளாக வரிசையில் நின்றவள் அவள். தன் தட்டு முடிந்து என் தட்டிலிருந்தும் எடுப்பாள். நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும். அவள் மெனு கார்டைப் படித்த விதத்தையும் பார்த்தேன், விரல் வலது பக்கம், விலை போட்டிருந்த வரிசையில் மேலிருந்து கீழே போனது, கொள்ளு ரசத்தில் நின்றது. பார்த்தேன், ஆனால் மனசில் ஏறவில்லை. அது தறி ஓடாத நேரம். கூலி உயர்வு கேட்டு மார்ச் 19-லிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை நிறுத்தியிருந்தார்கள், பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. நானே அவளிடம் வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்டேன், "தறி எப்படிப் போகுது" என்று. "ஓடும், ஓடும்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

பில் வந்தது. சாப்பாடு 6,840 ரூபாய். அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 684. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 7,900. திருப்பூர்க்காரி கணக்கில் புலி, பில்லை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-லேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், நாங்கள் சாப்பிடப் போனதற்கு ஒரு வாரம் முன்புதான், 2025 மார்ச் 28 அன்று, அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு வந்திருந்தது. அவள் கேப்டனைக் கூப்பிட்டு, குரல் உயர்த்தாமல், "இது வேண்டாமுங்க, எடுத்துட்டு வேற பில் குடுங்க, பையனுக்கு நாங்க கையில குடுத்துக்கறோம்" என்றாள். கொஞ்சம் தயங்கினார், மேனேஜரிடம் போய்வந்தார், எடுத்துவிட்டார்கள். பில் 7,182 ஆனது, 718 ரூபாய் குறைந்தது. இதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஜிஎஸ்டி வேறு, அது வரி, அதை எடுக்கச் சொல்ல முடியாது. சாதாரணமாக உணவகத்துக்கு 5 சதவீதம், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற அறைகள் உள்ள பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமாக இருந்தால் 18. போவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது, ஐந்து பேர் சாப்பாட்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

இதெல்லாம் சரியாகச் செய்தோம். பணம் பிரித்த இடத்தில்தான் தப்புச் செய்தோம். நான் போனில் கணக்குப் போட்டு, "ஆளுக்கு 1,436, டிப்ஸோட 1,500 போட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் உடனே ஜிபே பண்ணினார்கள். சோமனூர்க்காரி "ஒரு நிமிஷம்" என்று எழுந்து திண்ணைப் பக்கம் போனாள். தூணுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது காதில் விழவில்லை, ஆனால் முகம் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதில் சத்தம் வந்தது, எடுத்துப் பார்த்து எனக்கு 1,500 அனுப்பினாள். 160 ரூபாய் ரசம் குடித்ததற்கு.

ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. தூக்கம் வரவில்லை. பக்கத்தில் பவானிக்காரியும் விழித்துத்தான் இருந்தாள், "அவ கடன் வாங்கித்தான் அனுப்புனா" என்றாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு எப்படி போன் பண்ணுவது என்று யோசித்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பினால் அவள் மனசு நோகும், அனுப்பாவிட்டால் என் மனசு கேட்காது. கடைசியில் ஒரு மத்தியானம் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், "நான் பண்ணுனது தப்பு, மன்னிச்சுக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"பணத்துக்கு வெசனமில்ல புள்ள. பையன்கிட்டக் கேட்டேனில்ல, அதுதான். அவன் காலேஜ் பீஸுக்கு வெச்சிருந்ததுல இருந்து அனுப்புனான்."

"அடுத்த தடவை நான் குடுத்தர்றேன்."

"அப்படின்னா நான் வரமாட்டேன்."

இது எனக்குப் பெரிய பாடம். வசதியாக இருக்கிறவர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஒரு தடவை சரி. இரண்டாவது தடவையிலிருந்து அந்த ஆள் மேசையில் தோழியாக உட்கார மாட்டாள், ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக உட்காருவாள், எதை எடுத்தாலும் கணக்குப் பார்த்துத்தான் எடுப்பாள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது என்று வைத்தாலும் சரிவராது, மறுபடியும் ரசம்தான் குடிப்பாள். வழி சொன்னது அவள்தான். "மொத்தமா ஆயிரத்தைநூறுன்னாத்தான் இடிக்குது. மாசம் இருநூறுன்னா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நம்ம ஊர்ல சீட்டுப் போடறதில்லையா, அந்த மாதிரி போட்டுக்கலாம். நானே புடிக்கறேன்."

அப்படித்தான் சாப்பாட்டுச் சீட்டு தொடங்கியது. மே மாதத்திலிருந்து ஆளுக்கு மாதம் 200 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் அவளுக்குப் போய்விட வேண்டும். அவள் ஒரு தனி நோட்டுப் போட்டு எழுதினாள். ஒரு மாதம் நான் மறந்துவிட்டேன், ஆறாம் தேதி காலையிலேயே போன் வந்தது. அக்டோபரில் 6,000 சேர்ந்தது. சீட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்தோம்: சாப்பாடு இந்தப் பணத்துக்குள் முடியவேண்டும், அதற்கு மேல் எதையும் வாங்க யாரும் கையிலிருந்து போடக்கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவு பணம், ஒரே அளவு உரிமை. பணத்தில் ஏற்றத்தாழ்வு இல்லாத நண்பர் கூட்டம் எங்கேயும் கிடையாது, யார் சிரமத்தில் இருக்கிறார் என்று வெளியே தெரியவும் தெரியாது. அதனால் யாருக்குக் கஷ்டம் என்று தேடிக்கொண்டிருக்காமல், முதலிலேயே எல்லாருக்கும் பொதுவாக இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாப்பாடு நவம்பரில், தீபாவளி நோம்பியெல்லாம் முடிந்த பிறகு. இந்த முறை நேரம் மத்தியானம், பன்னிரண்டு மணி. இடம் அவினாசி ரோட்டிலேயே, விமான நிலையம் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம். கார் இல்லாதவளுக்கு எது வசதியோ அதை வைத்து இடம் பார்த்தோம், கார் வைத்திருக்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடுவார்கள். இதுவும் ஒரு பழைய தோட்டத்து வீடுதான், வாசலில் வேப்ப மரம், உள்ளே எட்டோ பத்தோ மேசைதான் இருக்கும்.

முதல் நாளே போன் பண்ணிப் பேசினேன். இந்த ஒரு போன் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. வட்ட மேசை இருக்கிறதா, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி இருக்குமா என்று கேட்டேன். ஹாஃப் கொடுப்பார்களா, அரிசிம்பருப்பு ஏற்கெனவே ஆக்கி வைத்ததா, சொன்ன பிறகு ஆக்குவதா என்று கேட்டேன். சொன்ன பிறகுதான், அரை மணி நேரம் ஆகும் என்றார்கள், அந்தப் பதிலே பிடித்துப்போனது. சர்வீஸ் சார்ஜ் போடுவீர்களா என்றும் கேட்டுவிட்டேன், இல்லை என்றார்கள், முன்னாலேயே கேட்டுவிட்டால் மேசையில் பேச்சு வார்த்தை வராது. கடைசியாகச் சந்தகை இருக்கிறதா என்று கேட்டேன். "சந்தகை காலையில மட்டுந்தானுங்க. ஆனா நீங்க அஞ்சு பேர்னு சொல்றீங்க, இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா மத்தியானமும் புழிஞ்சு தந்தர்றோம்" என்று அந்தப் பக்கம் ஒரு அக்கா சொன்னார். சொல்லிவிட்டேன். இதை ஏன் கேட்டேன் என்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை.

பொள்ளாச்சிக்காரியைச் சுவரை ஒட்டி, அவளுடைய வலது காது எங்கள் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தோம். அன்றைக்கு அவள் பேசியதுதான் அதிகம். தென்னையில் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருப்பாகப் படிந்து காய்ப்புக் குறைந்ததை, இரண்டு வருடமாகத் தோப்பில் பட்ட பாட்டை, அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டோம். ஏப்ரலிலும் அவளுக்கு அது சொல்ல இருந்திருக்கும்.

முதலில் பள்ளிபாளையம் சிக்கன் ஒன்று மட்டும் சொன்னோம். அதில் தேங்காய்ச் சில்லு ஓரம் சிவந்து, மிளகாய் கருகாமல் பளபளவென்று வந்தது. பிறகு வாழைப்பூ வடை. அது முடிகிற நேரத்துக்குச் சட்டி வந்தது, மூடியைத் திறந்ததும் சீரகமும் பூண்டும்தான் வாசனை. சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது, அரிசி குழைந்தும் குழையாமலும். பரிமாறிய அக்கா ஒவ்வொரு தட்டிலும் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார். யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. சோமனூர்க்காரி இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள், அப்புறம் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள், கேட்கவில்லை.

அதன் பிறகு சந்தகை.

சந்தகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரிசியை ஊறவைத்து, கெட்டியாக நைசாக அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு குறைவதற்குள் மிஷினில் போட்டுப் பிழியவேண்டும். ஆறினால் இறுகிப்போகும், பிழிகிறவளின் தோள்பட்டை போய்விடும். அதனால் இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி பானையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்க, ஒருத்தி பிழிய. எங்கள் ஊர்ப் பக்கம் விசேஷம் என்றாலும் புது மாப்பிள்ளை வந்தாலும் சந்தகைதான். பிழிகிற சூட்டோடு ஒறம்பரைக்கு, ஆண்களுக்கு, குழந்தைகளுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். பிழிந்தவள் கடைசியில் உட்காரும்போது தட்டில் இருப்பது நூல் நூலாகப் பிரியாமல் ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்ட ஆறிய சந்தகை, தேங்காய்ப்பாலும் அடியில் கொஞ்சம்தான் இருக்கும்.

அந்த அக்கா சமையலறைக் கதவிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. வெள்ளை நூல் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாக, தொட்டால் அமுங்குகிற மாதிரி. சின்னச் சொம்பில் தேங்காய்ப்பால், நாட்டுச் சர்க்கரை கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டது. ஊற்றியதும் நூலுக்கு நடுவில் மெதுவாக இறங்கியது. பவானிக்காரி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "கல்யாணமாகி இருவத்திரண்டு வருசத்துல நான் சூடாச் சந்தகை திங்கறது இதுதான் முதல் தடவை" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஐந்து பேருக்கும் அப்படித்தான் இருந்தது. என் மாமியார் ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்த இடத்தில்தான். வீட்டுச் சாப்பாட்டை வீட்டில் ஆக்குகிறவள், அதைச் சூடாக, உட்கார்ந்து, எழுந்திருக்காமல், இன்னொருத்தர் பரிமாறச் சாப்பிட்டதே இல்லை. அதற்குத்தான் வெளியே போகவேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த மாதிரி உணவகத்துக்குப் போனால், வீட்டில் தினமும் அரை மணியில் ஆக்கிவிடுகிற தோசையையும் எங்கேயும் கிடைக்கிற பரோட்டாவையும் சொல்லிப் பணத்தைக் கரைக்காதீர்கள். கை நோகிற வேலை எதில் இருக்கிறதோ, ஆள் கூட வேண்டியது எதுவோ, அதைச் சொல்லுங்கள். சந்தகை, ஒப்புட்டு (போளி), பதமாக வேகவேண்டிய நாட்டுக்கோழி, பச்சைப்பயறு கடைசல் இந்த மாதிரி. இவற்றை முதல் நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும், போய் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் இருக்காது. மிஞ்சினால் வெட்கப்படாமல் கட்டித் தரச் சொல்லுங்கள், ஆனால் சந்தகையைத் தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

பில் 5,120, ஜிஎஸ்டியோடு 5,376. சோமனூர்க்காரி பையிலிருந்து நோட்டை எடுத்து, பில்லைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, போனில் பணம் கட்டினாள். 300 ரூபாயைத் தனியாக எடுத்து, பரிமாறிய அக்காவின் கையில் கொடுத்து, "உள்ள புழிஞ்சவங்களுக்கும் இதுல குடுத்துருங்கக்கா" என்றாள். மிச்சம் 324 என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டாள். மணி மூன்றுகூட ஆகவில்லை, வேப்ப மரத்தடியில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஒரு தட்டுச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் தனித்தனியாகக் கட்டி வாங்கிவந்திருந்தேன். வீட்டில் இட்லிப் பானையில் ஆவி காட்டிச் சூடாக்கி, மாமியாரை உட்கார வைத்து நான் பரிமாறினேன். முழுதும் சாப்பிட்டார். விலை கேட்கவில்லை.

நவம்பரிலிருந்து மறுபடி சீட்டு ஓடுகிறது. அடுத்தது பவானிக்காரியின் கோடை விடுமுறையில், இந்தத் தடவை அவள் பக்கம் போவது என்று முடிவு. ஈரோடு, பவானி சுற்று வட்டாரத்தில் சத்தம் குறைந்த, முதல் நாள் சொன்னால் ஆக்கித் தருகிற, பஸ்ஸில் இறங்கி நடந்து போகக்கூடிய இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மத்தியானம் திறந்திருக்க வேண்டும், ஐந்து பேருக்கு ஆறாயிரத்துக்குள் முடியவேண்டும்.